21 புள்ளிகளால் தோற்ற அலன் ட்ரமெல்

1987இல் அமெரிக்கன் லீக்கின் மிகமதிப்புமிக்க வீரர் விருதை ஜோர்ஜ் பெல்லுக்குக் கொடுத்தது பிழை. அது டிட்ரோயிட் டைகர்ஸ் அணியின் அலன் ட்ரமெல்லுக்குப் போயிருக்க வேணும். நான் பிறக்க முதலே முடிஞ்ச கதைதான். ஆனாலும் விட மனம் வருகுதில்லை.

பேஸ்போல் எங்களில் கனபேருக்குப் பழக்கமில்லாத விளையாட்டு. எனக்கு அது ஸ்கார்பரோவில் இருக்கிற சித்தப்பாவால்தான் வந்தது. அவர் ரொறொன்ரோ புளூ ஜேஸ் பைத்தியம். பெல் அந்த அணிக்காரர், டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தவர், புளூ ஜேஸுக்கு முதன்முதலாக இந்த விருதை வாங்கிக் குடுத்தவர். வெளியிலிருந்து வந்த ஒருத்தன் வென்றதில் சித்தப்பாவுக்கு இருக்கிற சந்தோசம் எனக்கு விளங்குது.

"47 ஹோம் ரன், 134 ஆர்பிஐ. இதுக்கு மேல என்னடா வேணும்?" எண்டு கேப்பார்.

ஆர்பிஐ எண்டால், நீங்கள் அடிச்ச அடியால் எத்தனை ஓட்டம் உள்ளே வந்தது என்ற கணக்கு. பெரும்பாலும் முன்னால் ஆடினவர்கள் பேஸில் நிண்டால்தான் அது ஏறும். ட்ரமெல் 28 ஹோம் ரன், 105 ஆர்பிஐ. இதில் பெல்தான் முன்னுக்கு, மறுக்கேல்ல. ஆனால் ட்ரமெல்லின் சராசரி .343, பெல்லினது .308. நூறு தரம் மட்டையோட வந்தால் ட்ரமெல் 40 தரம் ஆட்டமிழக்காமல் பேஸுக்குப் போனார், பெல் 35 தரம். போதாததுக்கு ட்ரமெல் 21 பேஸ் திருடினார்.

இவ்வளவையும் அவர் ஷோர்ட்ஸ்டொப்பாக நிண்டு செய்தார். இரண்டாம், மூன்றாம் பேஸுகளுக்கு நடுவில் நிக்கிற அந்த இடம்தான் உள்களத்தில் கடினமானது. பெல் நிண்டது இடது வெளிக்களத்தில். விக்கெட் காப்பாளர் சதம் அடிச்சால் நாங்கள் வேற கண்ணால பாக்கிறேல்லையா? சங்கக்கார டெஸ்டில் கையுறையைக் கழட்டின பிறகு அவரின் சராசரி எப்படி ஏறினது எண்டு யோசிச்சுப் பாருங்கோ. அதோட அந்த வருசம் லான்ஸ் பரிஷ் அணியை விட்டுப் போக, முகாமையாளர் ஸ்பார்க்கி அண்டர்சன் அவரின் நாலாம் இடத்தையும் ட்ரமெல்லின் தலையில்தான் வைச்சார்.

பருவத்தின் கடைசிக் கிழமைக்கு வருவம். புளூ ஜேஸ் மூன்றரை ஆட்டம் முன்னணியில் இருந்து, மிச்ச ஏழு ஆட்டத்தையும் தோற்றது. கடைசி மூன்றும் டிட்ரோயிட்டில்: 4-3, 3-2, 1-0. நடு ஆட்டம் 12ஆவது இன்னிங்ஸ் வரைக்கும் போனது. ட்ரமெல் அடிச்ச பந்து ரொறொன்ரோ ஷோர்ட்ஸ்டொப் மனி லீயின் காலுக்குள்ளால போக, வெற்றி ஓட்டம் வந்தது.

"டோனி ஃபெர்னாண்டஸ் காயப்படாமல் நிண்டிருந்தால் அந்தப் பந்து போயிருக்காது" என்பார் சித்தப்பா. உண்மையாயிருக்கலாம். லீ அந்த இடத்தில் நிண்டதே ஃபெர்னாண்டஸின் முழங்கை உடைஞ்சபடியால்தான். அப்ப, சித்தப்பா, ஒரு நல்ல ஷோர்ட்ஸ்டொப் இல்லாமல் போனதால உங்கட அணி கவிண்டது எண்டு நீங்களே சொல்லுறீங்கள். பிறகு ஷோர்ட்ஸ்டொப்பின் பெறுமதி என்ன எண்டு என்னட்டக் கேட்டால்? இதுக்கு இன்னும் பதில் வரேல்ல.

வாக்களிச்சது 28 எழுத்தாளர்கள். பெல்லுக்கு 16 முதலிடம், ட்ரமெல்லுக்கு 12. புள்ளிகள் 332க்கு 311. பெல்லை முதலாவதாகவும் ட்ரமெல்லை இரண்டாவதாகவும் போட்டவர்களில் மூன்றே மூன்று பேர் அதை மாத்திப் போட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும்.

பிறகு ஹோல் ஒஃப் ஃபேமுக்கும் எழுத்தாளர்கள் 15 வருசம் அவரைத் தெரிவு செய்யேல்ல. கடைசியில் ஒரு தனிக் குழுதான் 2017 டிசம்பரில் தெரிவு செய்தது. 1977 முதல் 1995 வரை அவருக்குப் பக்கத்தில் இரண்டாம் பேஸில் நிண்ட லூ விட்டேக்கர் இன்னும் வெளியேதான் நிக்கிறார். அதுக்குத் தனிக் கட்டுரை வேணும்.