யாழ் இல்லாத வீடுகள்

திருமண ஆயத்த வகுப்புக்கு வரும் இளைஞரிடம் நாம் ஒரு கேள்வி கேட்பதுண்டு: "துன்பம் நேர்கையில்" என்ற பாடலைக் கேட்டிருக்கிறீர்களா? பலர் தலையசைப்பர். அது காதற்பாட்டு என்று அறிந்தவர் சிலரே.

அதனை இயற்றியவர் புதுவைப் பாவேந்தர் பாரதிதாசன். அவர் கடவுள் மறுப்பாளர். ஆயினும் இல்லறத்து அன்பைக் குறித்து அவர் கண்ட உண்மையை ஏற்பதில் நமக்குத் தயக்கமில்லை. எம். எம். தண்டபாணி தேசிகர் அதற்குத் தேஷ் இராகத்தில் மெட்டமைத்தார். 1951இல் அறிஞர் அண்ணாவின் கதை 'ஓர் இரவு' என்று திரைப்படமானபோது, ஆர். சுதர்சனத்தின் இசையில் எம். எஸ். இராஜேஸ்வரியும் வி. ஜே. வர்மாவும் பாடினர். பின்னர் அது கச்சேரி மேடையேறியது; பாம்பே ஜெயஸ்ரீ, சஞ்சய் சுப்ரமணியன் முதலியோர் பாடியும் கேட்கிறோம்.

திரைப்பாட்டில் ஆண்குரலும் பெண்குரலும் துணையாய் ஒலிக்கின்றன. மேடையிலோ ஒரே குரல். வேண்டுவோரின் தனிமை அதில் மிகுதியாகப் புலப்படுகிறது. துயருற்றவர், பொருளையோ அறிவுரையையோ கேட்கவில்லை. யாழிசைத்து இன்பம் தரமாட்டாயா என்றே கேட்கிறார். யாழோ நம் வழக்கிலிருந்து மறைந்து பல நூற்றாண்டுகள் ஆயின. அவ்வாறெனில் நம் வீடுகளில் எதை மீட்டுவது?

காந்திகிராமத்தை அடுத்த சின்னாளபட்டியில் முதியவர் ஒருவரை அறிவோம். சுங்குடிச் சேலைகளுக்குச் சாயம் தோய்ப்பவர். பக்கவாதத்தால் அவர் மனைவி பேச்சிழந்து கிடக்கிறார். மாலையில் கைகழுவி வந்து, கைபேசியில் இப்பாடலை வைத்துவிட்டு, மனைவிக்குக் கஞ்சி புகட்டுவார். நற்கருணை வழங்கச் சென்றிருந்தபோது, எவர் பாடியது உங்களுக்குப் பிடிக்கும் என்று வினவினோம்.

"யாரு பாடுனா என்னங்க சாமி? நான் பக்கத்துல உக்காந்திருக்கணும். இல்லாட்டி அவ கண்ணு வாசலையே பாத்துக்கிட்டிருக்கும்" என்றார்.

பிணக்குற்று நம்மிடம் வரும் தம்பதியர் பலரும் சொல்லும் முதற்குறை வறுமையன்று. "என்னிடம் உட்கார்ந்து பேசுவதே இல்லை" என்பதே. ஒரே கூரையின்கீழ் ஆளுக்கொரு கைபேசி; இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் இல்லை.

அன்புக்குரியோரே, இசை அறியாதவரும் இவ்வேண்டுகோளை நிறைவேற்றலாம். வாழ்க்கைத்துணையின் முகம் வாடியிருக்கக் கண்டால், காரணத்தை விசாரித்துத் தீர்ப்புக் கூறுமுன் சற்றே அருகில் அமருங்கள். இன்றிரவே அதனைத் தொடங்கலாம்.