அணையாத விளக்கு

ரொறன்ரோவில் நவம்பர் பிறந்தால் காருக்குப் பனிக்கால ரயர் மாட்டிவிடுவோம். சென்ற முறை, சில்லுகளோடு சேர்த்து நான்கு பாவித்த ரயர்கள் மலிவாகக் கிடைத்தன. மாட்டிய அன்றே காற்றழுத்த விளக்கு ஒரு நிமிடமளவு மினுங்கி, பிறகு அணையாமல் எரிந்தது.

"பழைய சில்லின் வால்வோடு இருந்த சென்சர் இதில் இல்லை. பயப்பட ஒன்றுமில்லை அக்கா" என்றார் கராஜ்காரத் தம்பி. நானும் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிட்டேன்.

தை மாதக் கடுங்குளிரில், மகளைப் பாடசாலைக்குக் கூட்டிச் செல்கையில் கார் ஒரு பக்கமாக இழுத்தது. பெற்றோல் நிலையத்தில் நிறுத்தி அளந்தால், 33 இறாத்தல் இருக்கவேண்டிய ரயரில் 14 தான்! ஆணி ஏறியிருந்தது. பின்னாலிருந்த பிள்ளையைப் பார்த்ததும் கை நடுங்கியது. எப்போதும் எரிகிற விளக்கு எப்படி எச்சரிக்கும்?

ஆணி இல்லாவிட்டாலும், குளிர் 10 பாகை கூடினால் சுமார் 1.5 இறாத்தல் குறையுமாம். அந்த வாரமே நான்கு சென்சர் வாங்கிப் பொருத்தி, காரில் பதிவும் செய்வித்தேன். விளக்கு அணைந்தது. அதற்கு வசதியில்லாத சகோதரிகள் ஒரு அளவுமானியாவது வாங்கி, மாதம் ஒருமுறை, வண்டி ஓடுமுன் அளந்து பாருங்கள்.