வாயில்லா நோயாளிகள்

தமிழில் 'மாடு' என்ற சொல்லுக்குச் 'செல்வம்' என்ற பொருளும் உண்டு. கல்வி என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் அச்சொல்லை அப்பொருளிலேயே ஆண்டிருக்கிறார். கல்வி ஒன்றைத் தவிர மற்றவை செல்வம் ஆகா என்று சொல்ல வந்த இடத்தில் அவர் எடுத்துக்கொண்ட சொல் 'மாடு'. ஆநிரை கவர்வதையும் மீட்பதையும் வெட்சி என்றும் கரந்தை என்றும் பெயரிட்டுப் பாடிய மக்கள் நாம். ஆயினும் இன்று நம் வீட்டுப் பிள்ளை ஒன்று கால்நடை மருத்துவம் படிக்கப் போவதாகச் சொன்னால், கூடியிருக்கும் உறவினர் முகத்தில் ஒரு சிறுநகை தோன்றாமல் இருப்பதில்லை. "மாட்டு டாக்டரா?" என்ற கேள்வியில் அந்த நகை வெளிப்பட்டுவிடும். ஐந்து ஆண்டுகளாக அக்கேள்வியை நாங்கள் திருமண வீடுகளிலும் பொங்கல் விழாக்களிலும் கேட்டு வருகிறோம். மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்து அன்பர்கள் கேட்டபோது, அக்கேள்விக்கு உரிய விடையையே எழுதித் தருவது என முடிவு செய்தோம்.

நாங்கள் ஐதராபாத்தில் கொண்டாப்பூரில் குடியிருப்பவர்கள். நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் பணி. மாற்றலாகி வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. அண்டையிலுள்ள மாதாப்பூரில் 1998-ஆம் ஆண்டு சைபர் டவர்ஸ் என்னும் வட்டக் கட்டிடம் திறக்கப்பட்டதிலிருந்து இப்பகுதியின் முகமே மாறத் தொடங்கிவிட்டது. நாங்கள் வந்த நாளில் பாறைகளும் முட்புதர்களும் எருமைத் தொழுவங்களும் அடுத்தடுத்து இருந்தன. இப்போது அவ்விடங்களில் கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் பெரும்பாலோர் கணிப்பொறி நோக்கியே நடந்தார்கள். எங்கள் மகள் மட்டும் நகரின் மறுகோடியில் இருக்கும் ராஜேந்திர நகருக்குப் பேருந்து ஏறினாள்.

அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1946-ஆம் ஆண்டு, நிஜாம் ஆட்சியின் இறுதிக் காலத்தில் தோன்றியது. தெலங்கானா மாநிலம் 2014-ஆம் ஆண்டு உருவான பின்னர் பி.வி. நரசிம்மராவ் பெயரால் அமைந்த கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இப்போது இயங்குகிறது. இத்துறையில் தமிழகத்தின் பங்கு சிறிதன்று. சென்னையில் 1903-ஆம் ஆண்டு சைதாப்பேட்டையில் தொடங்கிப் பின்னர் வேப்பேரிக்குப் பெயர்ந்த கல்லூரி, 1936-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து பட்டப் படிப்பை வழங்கத் தொடங்கியது. 1989-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவத்துக்கெனத் தனிப் பல்கலைக்கழகமே அமைந்தது. "மாட்டு டாக்டரா?" என்று நகைக்கும் உறவினர்க்கு இவ்வரலாற்றை நாங்கள் எடுத்துச் சொல்வதுண்டு.

படிப்பு ஐந்தரை ஆண்டுகள். அதில் கடைசி ஓராண்டு முழுவதும் நேரடிப் பயிற்சி. மனிதரைப் பார்க்கும் மருத்துவர் ஓர் உடம்பைக் கற்றால் போதும். இவர்களோ மாடு, எருமை, குதிரை, ஆடு, பன்றி, நாய், பூனை, கோழி என்று அத்தனை உடம்புகளையும் கற்க வேண்டும். முதல் ஆண்டில் எங்கள் வீட்டு உணவு மேசையில் எலும்புப் படங்களே பரந்து கிடந்தன. ஒரே தோள் எலும்பு குதிரையில் எப்படி, பசுவில் எப்படி, நாயில் எப்படி என்று மனப்பாடம் செய்வாள். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது என்பதும், நமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு என்பதும் அவள் வழியாகவே நாங்கள் அறிந்தவை. மாட்டின் வலிக்குப் போட்ட டைக்குளோபினாக் என்னும் மருந்து, அது இறந்தபின் அதன் இறைச்சியைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்றது. அதனால் 2006-ஆம் ஆண்டு கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவது நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. ஓர் உயிருக்குச் செய்யும் மருத்துவம் அதனோடு முடிந்துவிடுவதில்லை என்பதை அவள் இதைச் சொல்லித்தான் எங்களுக்கு விளக்கினாள்.

விடியற்காலையில் பண்ணைக்குச் செல்ல வேண்டும். சாணம் அள்ளுதல், தீவனம் அளத்தல், பால் கறத்தல் ஆகிய அனைத்தும் பாடமே. பிறகு நோயாளிகளைத் தொடும் பயிற்சி. பசுவின் இடப்புற விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் கைமுட்டியை அழுத்தி வைத்துக் காத்திருந்தால், உள்ளே வயிறு நிமிடத்துக்கு ஓரிரு முறை அலைபோல எழுந்து முட்டியைத் தள்ளும். தள்ளினால் நலம், தள்ளாவிட்டால் நோய். தோள்வரை உறை அணிந்து, கையை உள்ளே செலுத்தி, கண்ணால் காணாமலே சினையை அறிய வேண்டும். எத்தனையோ நாள் ஒன்றும் தட்டுப்படாமல் இருந்தபின், ஒருநாள் விரல் நுனியில் கருப்பையின் மாற்றம் தெரிந்ததாக அவள் சொன்ன இரவில், பள்ளியில் முதல் பரிசு வாங்கிய நாளில்கூட அத்தகைய மகிழ்ச்சியை அவள் முகத்தில் நாங்கள் கண்டதில்லை.

ஆயினும் இக்கல்வியின் கடினமான பகுதி உடற்கூறு அன்று, மொழியே. நோயாளிக்கு வாய் இல்லை. எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது என்று அது சொல்லாது. அருகில் நிற்கும் மனிதரே அதன் வாய். அவரோ கல்லூரிப் பாடநூலின் ஆங்கிலம் அறியாதவர். வாய்க்காணை கால்காணை என்று நாம் சொல்லும் நோயை அவர் 'காலிகுண்ட்டு' என்பார். மடிநோய் அவருக்குப் 'பொதுகு வாப்பு'. எருமையைத் தெலங்கானாவில் 'பர்ரெ' என்பர். ஆந்திரக் கடற்கரைப் பகுதியிலோ அதுவே 'கேதெ'. நகரத்துப் பால்காரர் சிலர் தக்கணி உருதுவில் பேசுவர். வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் தெலுங்கும் பேசி வளர்ந்த பெண் எனினும், தொழுவத்துத் தெலுங்கை அவள் புதிதாகவே கற்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லுதல் தகும். காங்கேயம் பக்கத்துச் சிற்றூரில் இருக்கும் அவளுடைய அம்மாயி எழுதப் படிக்கத் தெரியாதவர். வாழ்நாள் முழுவதும் மாடு வளர்த்தவர். பேத்தி தொலைபேசியில் எந்த நோயுற்ற மாட்டைப் பற்றிப் பேசினாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றே: "அசை போடுதா, கண்ணு?" மருத்துவ வகுப்பின் முதல் நாளில் பேராசிரியர் சொன்னாராம்: மாட்டுக்காரரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, 'நெமரு' வேய்கிறதா என்பது. நெமரு என்பது அசைபோடுதலுக்குத் தெலுங்குச் சொல். அன்றிரவே அவள் அம்மாயியை அழைத்து, "நீங்கள் கேட்பதைத்தான் எங்கள் பேராசிரியரும் கேட்கச் சொல்கிறார்" என்றாள். அன்று முதல் அம்மாயியிடம் அவள் குறிப்பேடு வைத்துக்கொண்டே பேசுகிறாள். சப்பை நோய், தொண்டை அடைப்பான், வெக்கை என்று அவர் சொல்லச் சொல்ல, எதிரே தெலுங்குச் சொல்லையும் பாடநூற் சொல்லையும் எழுதி வைக்கிறாள்.

அந்தப் பட்டியலில் உள்ள வெக்கை நோய்க்கு ஒரு தனிக் கதை உண்டு. அம்மாயியின் இளமையில் ஊர் ஊராக மாடுகளைக் கொன்ற நோய் அது. இமயமலைப் பகுதியிலுள்ள முக்தேசுவரத்தில் இருந்த ஆய்வுக்கூடத்தில் 1920-களில் எட்வர்ட்ஸ் என்பவர் ஆட்டின் உடலில் வளர்த்து உருவாக்கிய தடுப்பு மருந்திலிருந்து தொடங்கி, ஊர்தோறும் நடந்து ஊசி போட்ட பெயர் தெரியாத கால்நடை ஊழியர்கள் வரை, பல தலைமுறையினர் உழைத்தனர். 2006-ஆம் ஆண்டு இந்தியா அந்நோய் நீங்கிய நாடாக அறிவிக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டு உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டது. மனிதரின் பெரியம்மைக்குப் பிறகு உலகிலிருந்து முற்றிலும் ஒழிக்கப்பட்ட நோய் இஃது ஒன்றே. 'மாட்டு டாக்டர்' செய்த செயல் இது.

பயிற்சி ஆண்டில் மகள் சிற்றூர் மருந்தகம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டாள். முதல் வாரத்திலேயே கன்று ஈன்று எழ முடியாமல் கழுத்தை விலாவில் மடித்துக் கிடந்த கறவைப் பசு ஒன்றைக் கண்டாள். பால் காய்ச்சல் என்று அதற்குப் பெயர். உண்மையில் உடம்பு குளிர்ந்து போகும். உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்து திடீரெனப் பாலுக்குள் சென்றுவிடுவதால் வருவது. இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே கால்சியம் மருந்தை நரம்பில் மெல்லச் செலுத்த வேண்டும். விரைந்தால் இதயம் நின்றுவிடும். சிறிது நேரத்தில் பசு நடுங்கியது, சாணமிட்டது, எழுந்து நின்றது. வீட்டுக்காரப் பெண்மணி மகளின் கையைப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம்.

எல்லா நாளும் அப்படி அமைவதில்லை. ஒரு மாலை, வாயில் எச்சில் ஒழுக, குரல் கம்மிய எருமை ஒன்றைக் கொண்டு வந்தார்கள். மக்காச்சோளக் கதிர் தொண்டையில் சிக்கிக்கொண்டது என்றார் உரிமையாளர். காலையில் தாமும் தம்பியும் வாய்க்குள் கைவிட்டுத் தேடியதாகவும் சொன்னார். மகள் கையை உள்ளே விடுவதற்கு ஆயத்தமானபோது மூத்த மருத்துவர் தடுத்தார். எச்சில் ஒழுகி விழுங்க முடியாத விலங்கைக் கண்டால் முதலில் வெறிநோயை நினைக்க வேண்டும் என்பது அத்தொழிலின் விதி. "நாய் கடித்ததா?" என்று கேட்டனர். இல்லை என்று உறுதியாகச் சொன்னார் அவர். அவர் பொய் சொல்லவில்லை; அவருக்குத் தெரியாது. மகள் சற்று விலகி, உடன் வந்திருந்த சிறுவன் அருகே அமர்ந்து, அவனோடு தெலுங்கில் பேச்சுக் கொடுத்தாள். எருமைக்குப் பெயர் என்ன, யார் மேய்ப்பது என்றெல்லாம் கேட்டு வந்தபின் அவன் சொன்னான்: ஒரு மாதத்துக்கு முன் இரவில் நாய் ஒன்று தொழுவத்துக்குள் புகுந்தது, காலையில் எருமையின் மூக்கில் இரத்தம் இருந்தது, நாயை விரட்டாமல் தூங்கியதற்கு அடி விழும் என்று அஞ்சி அவன் யாரிடமும் சொல்லவில்லை.

எருமை மூன்றாம் நாள் இறந்தது. மூளையைச் சோதித்ததில் வெறிநோய் உறுதியாயிற்று. ஆனால் அண்ணன் தம்பி இருவரும் அன்றிரவே அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டுத் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். அறிகுறி தோன்றிய பின் ஏறத்தாழ யாரும் பிழைக்காத நோய் அது. தோன்றுமுன் ஊசி போட்டால் தப்பிக்கலாம். பிரான்சில் பாஸ்டர் 1885-ஆம் ஆண்டு கண்ட வழி இது. அவர் பெயரால் 1907-ஆம் ஆண்டே நம் குன்னூரில் ஒரு நிலையம் எழுந்தது. அந்த இருவரும் இன்று நலமாக இருக்கிறார்கள். அவர்களுடைய எருமைதான் இல்லை. அதன் பாலில்தான் அக்குடும்பம் நடந்து வந்தது.

அன்றிரவு மகள் தொலைபேசியில் இதைச் சொன்னபோது எங்களுக்கு உறக்கம் வரவில்லை. பயிற்சிக்கு முன்பே அவள் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தாள் என்பது தெரிந்தும் நெஞ்சு ஆறவில்லை. கொண்டாப்பூரிலேயே நாய் பூனைகளுக்கான மருத்துவமனைகள் குளிர்சாதன வசதியோடு தெருவுக்குத் தெரு வந்துவிட்டனவே, அங்கே பணியாற்றலாகாதா என்று கேட்டோம். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பையனிடம் கேட்காமல் விட்டிருந்தால் அவன் அப்பா இருந்திருக்கமாட்டார், அம்மா" என்றாள். அதற்கு மறுமொழி எங்களிடம் இல்லை.

பயிற்சி முடிய இன்னும் சில திங்கள்களே உள்ளன. அரசுப் பணித் தேர்வு எழுதிச் சிற்றூருக்குச் செல்வாளா, மேற்படிப்புக்குச் செல்வாளா, நகரத்து மருத்துவமனையிலேயே அமர்வாளா என்பது அவள் எடுக்க வேண்டிய முடிவு. எங்கள் அச்சம் எங்களுடையது. அதை அவள் தலையில் ஏற்றுவதாக இல்லை.

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நம் பிள்ளைகளுக்கு ஒரு குறை உண்டு என்று நாம் அடிக்கடி வருந்துகிறோம். எந்த மொழியும் அவர்களுக்கு முழுமையாக வாய்க்கவில்லை என்பது அவ்வருத்தம். ஆனால் பிறர் மொழியைக் காது கொடுத்துக் கேட்டுப் பழகிய பழக்கம் அவர்களிடம் இருக்கிறது. ஒரு சிற்றூர்ச் சிறுவனின் அச்சத்தை அவன் மொழியிலேயே கேட்டு வாங்க அந்தப் பழக்கம் உதவியது; இரண்டு உயிர்கள் பிழைத்தன. எனவே அன்பர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை இத்துறையை நாடினால் நகைக்காமல் அனுப்பி வையுங்கள். ஊரில் மாடு வளர்த்த பாட்டி தாத்தா இன்னும் இருந்தால், அவர்கள் அறிந்த நோய்களின் பெயர்களை இந்த விடுமுறையிலேயே கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அச்சொற்கள் எந்தப் பாடநூலிலும் முழுமையாக இல்லை. சொல்லத் தெரிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள்.