நிறுவல் நிற்கும் இடம்

புதிய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவும் பணி பாதியில் நின்றுவிடும்போது, அதைச் சரிசெய்ய முனைபவர் முதலில் அறிய வேண்டியது அது எந்தக் கட்டத்தில் நின்றது என்பதே. நிறுவல் என்று ஒரே சொல்லால் குறிக்கப்படும் செயல், உண்மையில் ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் பல கைமாற்றங்களால் ஆனது. மின்பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது, தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் யூஈஎஃப்ஐ என்னும் ஃபர்ம்வேர். அது, நிறுவல் கோப்பு எழுதப்பட்ட பென்டிரைவில் உள்ள ஃபேட் வகைப் பகிர்வைத் திறந்து ஷிம் என்ற சிறு நிரலை இயக்க, ஷிம் தன் பங்குக்குக் கிரப் என்ற தொடக்க ஏற்றியைச் சரிபார்த்து அழைக்கிறது. கிரப், இயங்குதளத்தின் மையமாகிய கெர்னலையும், வட்டுகளைத் திறப்பதற்கு முன்பே தேவைப்படும் கருவிகள் அடங்கிய இனிட்ராம்எஃப்எஸ் என்ற தற்காலிகக் கோப்பமைப்பையும் நினைவகத்தில் ஏற்றிவிட்டு விலகிக்கொள்கிறது. கெர்னல் வன்பொருள்களை அடையாளம் கண்டு முடித்தபின் பென்டிரைவில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும் முழுக் கோப்பமைப்பு திறக்கப்படுகிறது. சிஸ்டம்டி என்ற நிரல் சேவைகளைத் தொடங்கிவைக்கிறது. வரைகலை முகப்பு தோன்றுகிறது. அதற்குப் பின்னரே நிறுவி பயனரிடம் மொழியையும் நேர மண்டலத்தையும் கேட்கிறது. கடைமடை வயலுக்குத் தண்ணீர் வராதபோது வயலைக் கிளறிப் பயனில்லை, வாய்க்காலின் கரையோடு மேல்நோக்கி நடந்து எந்த மதகில் நீர் நின்றது என்று காண வேண்டும் என்பதை உழவர் அறிவர். நிறுவலையும் அவ்வாறே ஆராய வேண்டும்.

பழைய கணினிகளில் தடையின்றி நடந்தேறும் நிறுவல் புத்தம் புதிய கணினியில் தடுமாறுவது பலருக்கு வியப்பளிப்பதுண்டு. வன்பொருள் ஒன்றை இயக்கத் தெரிந்த டிரைவர் என்னும் இயக்கநிரல் பெரும்பாலும் கெர்னலுக்குள்ளேயே வருவதால், கெர்னல் வெளியான நாளுக்குப் பின் சந்தைக்கு வந்த சில்லுகளை அது முழுமையாக அறிந்திருக்க வாய்ப்பில்லை. 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04 கொண்டிருந்த 5.15 கெர்னல், 2021 அக்டோபர் இறுதியில் வெளியானது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 கொண்டிருந்த 6.1 கெர்னல், 2022 டிசம்பரில் வெளியானது. நீண்டகால ஆதரவு கொண்டது என்பதற்காக, உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கலின் பழைய நிறுவல் கோப்பை, அதன்பின் ஓராண்டு கழித்துத் தயாரான மடிக்கணினியில் ஏற்ற முயல்வதே பல தேக்கங்களின் மூலகாரணம். ஆகவே எந்த நுட்பத்தையும் கையாளுவதற்கு முன், அதே வழங்கலின் ஆகப் புதிய வெளியீட்டை ஒருமுறை முயன்று பார்ப்பது நன்று. திறமைக்கு இடமில்லாத வழியாகத் தோன்றுவதால் அனுபவசாலிகளும் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் பிற வழிகள் விழுங்கும் நேரத்தை நோக்க, இதுவே முதலில் செய்யத்தக்கது. இறக்கிய கோப்பின் ஷா256 சரிபார்ப்பு எண்ணை வழங்கலின் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுவதும், வேறொரு பென்டிரைவை மாற்றிப் பார்ப்பதும் இக்கட்டத்திலேயே முடிந்துவிட வேண்டியவை.

கிரப்பின் பட்டியல் திரையே தோன்றாமல் போனால், ஆராய வேண்டிய எல்லை மிகச் சிறியது. ஏற்றப்படும் நிரல் நம்பத்தக்கவரால் கையொப்பமிடப்பட்டதா என்று யூஈஎஃப்ஐ பார்க்கும் செக்யூர் பூட் என்ற காவல், ஷிம்மையோ கிரப்பையோ மறுத்திருக்கலாம். லினக்ஸ் வழங்கல்களின் ஷிம்மில் உள்ள கையொப்பம், மைக்ரோசாஃப்ட் பிறருக்கு வழங்கும் மூன்றாம் தரப்புச் சான்றின் வழி வந்தது. 2022க்குப் பின் வந்த சில மடிக்கணினிகளில் அச்சான்றை ஏற்கும் அமைப்பு தொடக்கத்தில் அணைக்கப்பட்டே இருக்கிறது. அதை மட்டும் இயக்கிவிட்டால் செக்யூர் பூட்டை முழுவதும் அணைக்கத் தேவையில்லை. பிட்லாக்கரால் குறியாக்கம் செய்யப்பட்ட விண்டோஸ் அதே கணினியில் இருக்குமானால், இவ்வமைப்புகளைத் தொடுவதற்கு முன்பே அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தனியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்; தொட்டபின் விண்டோஸ் அச்சாவியைக் கேட்டால், அது கையில் இல்லாதவர் தம் கோப்புகள் அனைத்தையும் இழக்க நேரலாம்.

மிகுதியான நிறுவல்கள் நிற்பது அடுத்த கட்டத்தில்: கிரப்பின் பட்டியலில் ஒன்றைத் தேர்ந்து என்டர் விசையைத் தட்டியவுடன் திரை கறுத்து, அதன்பின் எதுவுமே தெரிவதில்லை. இந்தக் கறுப்புத் திரைக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு பொருள்கள் உண்டு. கணினி உண்மையிலேயே உறைந்திருக்கலாம். அல்லது கணினி செவ்வனே இயங்க, திரை மட்டும் இருண்டிருக்கலாம். இவற்றைப் பிரித்தறியும் எளிய சோதனை கேப்ஸ் லாக் விசையிடம் இருக்கிறது. அதை அழுத்தும்போது அதன் விளக்கு ஏற்றமும் அணைவுமாக மாறினால் கெர்னல் உயிரோடிருக்கிறது, மாறாவிட்டால் உறைந்திருக்கக்கூடும், யாரும் தொடாமலே விளக்கு விட்டுவிட்டு மின்னினால், பல மடிக்கணினிகளில் அது கெர்னல் பேனிக் எனப்படும், தொடர்ந்து இயங்க இயலாத நிலையை அறிவிக்கும் அடையாளம். விளக்கு மாறுமானால் கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு எஃப்3 விசையை அழுத்தி, எழுத்துகள் மட்டும் கொண்ட முனையம் ஒன்று கிடைக்கிறதா என்றும் பார்க்கலாம்.

திரை இருள்வதன் காரணம் கெர்னல் மோட் செட்டிங் என்ற ஏற்பாட்டில் அடங்கியுள்ளது. கணினி தொடங்கும்போது யூஈஎஃப்ஐ தானே திரையில் ஓர் எளிய படப்பரப்பை அமைத்துத் தருகிறது. கெர்னல் சிறிது நேரம் அதிலேயே எழுதிவிட்டு, பின்னர் வரைகலைச் சில்லுக்கு உரிய டிரைவர் ஏறியதும் திரையின் கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கிறது. அந்த டிரைவருக்குப் புதிய சில்லைத் தெரியாமலோ, சில்லுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்காமலோ போனால், பழைய படப்பரப்பு கைவிடப்பட்டு, புதியது தொடங்காத இடைவெளியிலேயே அனைத்தும் நின்றுவிடும். என்விடியா சில்லு கொண்ட மடிக்கணினிகளில் இது அடிக்கடி நேர்வதற்குத் தெளிவான வரலாற்றுக் காரணம் உண்டு. 2014இல் வந்த இரண்டாம் தலைமுறை மாக்ஸ்வெல் சில்லுகள் தொடங்கி, சில்லில் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் தன்னால் கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும் என்று என்விடியா ஆக்கிவிட்டதால், நூவோ என்ற கட்டற்ற டிரைவரை எழுதுவோர் ஒவ்வொரு புதுச் சில்லுக்கும் அந்நிறுவனம் ஃபர்ம்வேரை வெளியிடும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2024 ஜனவரியில் வந்த 6.7 கெர்னலின் நூவோ டிரைவரில் ஜிஎஸ்பி என்ற என்விடியா ஃபர்ம்வேருக்கான ஆதரவு சேர்ந்தபின் இந்நிலை பெரிதும் மேம்பட்டது.

இத்தகைய தேக்கத்துக்குப் பரவலாகச் சொல்லப்படும் மருந்து நோமோட்செட் என்ற அளவுரு, அதாவது தொடங்கும் நேரத்தில் கெர்னலுக்குத் தரப்படும் ஓர் அறிவுறுத்தல். கிரப்பின் பட்டியலில் 'ஈ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில் அதைச் சேர்த்து, எஃப்10 விசையால் தொடங்கினால், வரைகலை டிரைவர்கள் திரையின் கட்டுப்பாட்டை ஏற்காமல் விலகி நிற்க, யூஈஎஃப்ஐ தந்த படப்பரப்பிலேயே நிறுவி தோன்றிவிடும். ஆனால் அது தோன்றியதும் பணி முடிந்ததென்று எண்ணுவது தவறு. நோமோட்செட் ஒரு சோதனை முடிவை மட்டுமே தருகிறது: தடை வரைகலையில் இருக்கிறது என்பதே அம்முடிவு. இன்டெல் சில்லும் என்விடியா சில்லும் சேர்ந்திருக்கும் மடிக்கணினியில், அது குற்றமற்ற இன்டெல் டிரைவரையும் சேர்த்தே முடக்கிவிடுகிறது. ஆகவே அடுத்த தொடக்கத்தில் அதை நீக்கிவிட்டு, நூவோ டிரைவர் ஒன்றை மட்டும் ஏற்றாமல் விடச் சொல்லும் மாட்ப்ரோப் பிளாக்லிஸ்ட் அளவுருவைத் தந்து பார்க்க வேண்டும். அதிலும் முகப்பு தோன்றினால் தடை எந்த டிரைவரில் என்பது உறுதியாகிவிடுவதோடு, இன்டெல் சில்லின் வழியாகத் திரை முழுத் தெளிவோடும் இயங்கும். அகன்ற அளவுருவால் திசையை அறிந்து, குறுகிய அளவுருவால் இடத்தை அறியும் இந்த முறை, வரைகலைக்கு மட்டுமல்லாமல் பிற வன்பொருள்களுக்கும் பொருந்தும். ஏசிபிஐ என்ற மின்மேலாண்மை ஏற்பாட்டையே அணைக்கும் அளவுருவைப் பலர் எடுத்த எடுப்பிலேயே பரிந்துரைப்பது வருந்தத்தக்கது. இன்றைய மடிக்கணினி தன் செயலியின் உட்கருக்களையும், பேட்டரியையும், குறுக்கீட்டுத் தடங்களையும் கெர்னலுக்கு விவரிப்பதே அந்த ஏற்பாட்டின் வழியாகத்தான். அதை மூடிவிட்டு நிறுவப்படும் இயங்குதளம் பாதிக் கணினியைக் காணாமலே இயங்க வேண்டியிருக்கும்.

அளவுருக்களைச் சேர்ப்பதைக் காட்டிலும் முதன்மையானது, ஏற்கெனவே அங்கிருக்கும் இரு அளவுருக்களை நீக்குவது. கெர்னலின் செய்திகளை மறைக்கும் 'கொயட்', அவற்றுக்குப் பதிலாக வழங்கலின் சின்னத்தைக் காட்டும் 'ஸ்பிளாஷ்' ஆகிய இரண்டையும் அதே வரியிலிருந்து அழித்துவிட்டால், கறுத்த திரைக்குப் பதில் வரிவரியாகச் செய்திகள் ஓடத் தொடங்கும். அவை கண்ணால் பற்ற முடியாத வேகத்தில் செல்வதால், கைப்பேசியில் காணொளியாக எடுத்து நிறுத்தி நிறுத்திப் படிப்பது நல்ல பழக்கம். ஒவ்வொரு வரியின் முன்னும் சதுர அடைப்புக்குள் கெர்னல் தொடங்கியது முதல் கழிந்த விநாடிகள் குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்கள் திடீரென்று பல விநாடிகள் தாண்டுமிடத்தில் ஏதோவொரு வன்பொருள் பதில் தரத் தாமதித்தது என்று கொள்ளலாம்.

இங்கே ஒரு நுண்மையைக் கவனிக்க வேண்டும். திரையில் உறைந்து நிற்கும் கடைசி வரியில் பெயர் காணப்படும் வன்பொருளே குற்றவாளி என்று பெரும்பாலோர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பல டிரைவர்கள் தம் பணி முடிந்தபின்னரே செய்தி எழுதுகின்றன. எனவே கடைசி வரி பெரும்பாலும் கடைசியாக வெற்றிபெற்றவரின் அறிவிப்பாக இருக்கும், தடைபட்டதோ அதற்கு அடுத்து வந்து ஒரு சொல்லும் எழுதாமல் நின்ற ஒன்றாக இருக்கும். செயலியின் பல உட்கருக்களும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வன்பொருள்களைத் தேடுவதால், வரிகளின் வரிசையும் நிகழ்வின் வரிசையாக இருக்க வேண்டியதில்லை. இந்த ஐயத்தைத் தீர்ப்பதற்கென்றே கெர்னலில் இனிட்கால் டீபக் என்ற அளவுரு உண்டு. ஒவ்வொரு தொடக்கச் செயலுக்குள் நுழையும்போது ஒரு வரியும், அதிலிருந்து மீளும்போது எடுத்துக்கொண்ட நேரத்தோடு மற்றொரு வரியும் அது எழுதச் செய்கிறது. நுழைந்ததற்கு வரி இருந்து மீண்டதற்கு வரி இல்லாத செயல் எதுவோ, அங்கேயே தடை இருக்கக்கூடும். வரிகள் ஆயிரக்கணக்கில் பெருகும் என்றாலும், ஊகத்தை அகற்றிச் சான்றை வைக்கும் இக்கருவி, இதன் பயனோடு ஒப்பிட, மிகக் குறைவாகவே கையாளப்படுகிறது.

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதும் கற்க வேண்டிய ஒன்றே. சிஸ்டம்டி ஒரு சேவை தொடங்குவதற்கு இயல்பாக அளிக்கும் கெடு 90 விநாடிகள். ஒரு செயல்முறை இடையில் நிறுத்த இயலாத உறக்கத்தில் கிடக்குமானால் பெரும்பாலான வழங்கல்களின் கெர்னல் அதைக் கண்டு அறிவிப்பது 120 விநாடிகளுக்குப் பின்னர். எனவே மூன்று நான்கு நிமிடங்களுக்கு முன்பே மின்பொத்தானை அழுத்தி அணைப்பவர், கணினி தானே சொல்லவிருந்த காரணத்தைக் கேளாமல் எழுந்து போய்விடுகிறார்.

முகப்பு தோன்றி, நிறுவியும் திறந்து, ஆனால் நிறுவுவதற்கு வட்டே இல்லை என்ற நிலையில் நிற்பதும் உண்டு. 2020இல் வந்த 11ஆம் தலைமுறை இன்டெல் செயலிகள் முதலாகப் பல மடிக்கணினிகளில் என்விஎம்இ வட்டு, விஎம்டி என்ற இடைநிலைக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் வைக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸில் ஆர்எஸ்டி என்ற பெயரோடு வரும் ஏற்பாடு இதைச் சார்ந்ததே. உபுண்டுவின் நிறுவி சில கணினிகளில் அதை அணைக்கும்படி கேட்டுவிட்டு மேற்செல்ல மறுக்கும். யூஈஎஃப்ஐ அமைப்பில் விஎம்டியை அணைத்தால் வட்டு தென்படும். ஆனால் விண்டோஸ் அதன்பின் தொடங்காமல் போகலாம். அதைத் தவிர்க்க, அடுத்த முறை சேஃப் மோட் எனப்படும் பாதுகாப்பு முறையில் தொடங்கும்படி விண்டோஸை முன்னரே அமைத்து, பிறகு விஎம்டியை அணைத்து, ஒருமுறை அம்முறையில் விண்டோஸைத் தொடங்கிவிட்டு இயல்பு நிலைக்குத் திரும்புவது வழக்கம்.

கோப்புகள் நகலாகிக்கொண்டிருக்கையில் முன்னேற்றப் பட்டை நின்றுவிட்டால், அப்பட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. முனையத்தில், கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையை இட்டால், பென்டிரைவின் சுருக்கப்பட்ட கோப்பமைப்பாகிய ஸ்குவாஷ்எஃப்எஸ் பற்றிய படிப்புப் பிழை தென்படும்போது பென்டிரைவும், என்விஎம்இ காலாவதிச் செய்தி தென்படும்போது வட்டின் மின்சேமிப்பு நிலையும் ஐயத்துக்கு உரியவை. இரண்டும் இல்லாமல் நிறுவி நின்றால், அது பெரும்பாலும் இணையத்திலிருந்து எதையோ இறக்கக் காத்திருக்கிறது. வைஃபையைத் துண்டித்து மீண்டும் நிறுவினால் கடந்துவிடலாம்.

நிறுவல் முடிந்தபின் செய்ய வேண்டிய ஒன்று பரவலாக விடுபடுகிறது. தொடக்கத்தில் சேர்த்த அளவுருக்களைச் சில நிறுவிகள் நிறுவப்பட்ட இயங்குதளத்துக்கும் கொண்டுசென்று விடுகின்றன. நோமோட்செட் அங்கே தங்கிவிட்டால் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க இயலாது, வரைகலைக் கணக்குகள் அனைத்தும் செயலியின் தலையில் விழுந்து பேட்டரி விரைவில் தீரும், பயனரும் லினக்ஸ் என்றாலே இப்படித்தான் என்று நம்பிவிடுவார். கெர்னலைப் புதுப்பித்து, உரிய டிரைவரை நிறுவி, கிரப்பின் அமைப்புக் கோப்பிலிருந்து அந்த அளவுருவை நீக்கி, அது இல்லாமலே கணினி தொடங்குவதைக் கண்டபின்னரே நிறுவல் முழுமை பெற்றதாகக் கொள்ள வேண்டும். நீக்கினால் மறுபடியும் நிற்கிறது என்றால், வழங்கலின் வழு பதிவகத்தில் அறிக்கை அளிப்பது முறை. கணினியின் மாதிரிப் பெயர், யூஈஎஃப்ஐ பதிப்பு, கெர்னல் பதிப்பு, நின்ற கட்டம், எந்த ஒரே அளவுருவால் தடை விலகியது என்ற செய்தி ஆகியவை அதில் இருக்க வேண்டும். கணினியின் தொடர் எண்ணைப் பொதுவில் இடாமல் நீக்கிவிட வேண்டும். கெர்னலின் மூலநிரலில் பல டிரைவர்கள், குறிப்பிட்ட தயாரிப்பாளரின் குறிப்பிட்ட மாதிரிக்கு மட்டும் வேறு வகையில் நடந்துகொள்வதற்கான பட்டியல்களை வைத்திருக்கின்றன. அப்பட்டியல்களின் பல வரிகள் இத்தகைய அறிக்கைகளிலிருந்து பிறந்தவை. ஒரு மாதிரியின் பெயர் அங்கே ஏறிவிட்டால், அடுத்த கெர்னல் வெளியீட்டுக்குப் பின் அதே மடிக்கணினியை வாங்குபவர் கிரப்பின் வரியைத் திருத்தாமலே நிறுவி முடித்துவிடலாம்.