வெப்பத்தின் எடை

பென்சில்வேனியாவின் வடகிழக்கில், சஸ்குவெஹானா ஆற்றை ஒட்டிய ஊர்களில் பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு நிலவறையில் இரண்டு பொருள்கள் கேட்காமலே கிடைக்கும்: ஒரு கரித்தொட்டி, துருவேறிய ஒரு நிலக்கரி அடுப்பு. எங்களுக்கும் கிடைத்தன. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றாள் மனைவி. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு முறை பார்த்துவிடலாமே என்று இறங்கி வந்தார். அவருடைய அப்பா, தாத்தா இருவரும் சுரங்கத் தொழிலாளிகள். நம் ஊரில் பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பதுபோல அடுப்பின் நான்கு பக்கமும் விரல் முட்டியால் தட்டினார். கணீரென்றது. “வார்ப்பிரும்பில் விரிசல் இல்லை. இது எரியும்” என்றார்.

ஊருக்குப் பேசும்போது அம்மாவிடம் சொன்னேன். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைக் கட்டிகளாக்கிச் சுட்டு ‘லெகோ’ என்று விற்ற காலத்தில் அதை மூட்டிச் சமைத்தவர் அவர். “கேஸ் வந்ததும் கரியைத் தலைமுழுகினோம். நீ அமெரிக்காவுக்குப் போயி கரி அள்ளுறியாடா?” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

அடுப்பைச் சீர்செய்யக் கோடைதான் நல்ல பருவம். முதல் எதிரி துரு. அதற்குக் காரணம் மழையைவிட, உள்ளே விட்டுப்போன பழைய சாம்பல். நிலக்கரிச் சாம்பலில் கந்தகம் இருக்கும். நிலவறையின் ஈரத்தோடு சேர்ந்து அது அமிலமாகிப் புகைக்குழாயின் தகட்டை அரித்துவிடும். குழாயைத் தொட்டதும் விரல் உள்ளே போனது. குழாய் முழுவதும் புதிதாகப் போட வேண்டியிருந்தது. உட்சுவரின் தீச்செங்கற்களில் உடைந்தவற்றை மாற்றி, வார்ப்புகளின் மூட்டுகளை உலை சிமென்டால் பூசினேன். கதவைச் சுற்றியிருந்த கண்ணாடி இழைக் கயிறு நைந்திருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதியது ஒட்டினேன். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தால் தாள் வரக்கூடாது. வந்தால் அந்த வழியாகக் காற்றும் வரும், நெருப்பு நம் பேச்சைக் கேட்காது. கடைசியில் கம்பி பிரஷ், கறுப்பு பாலிஷ். புகைபோக்கியை மட்டும் அதற்கென்று உள்ள ஆளை அழைத்துச் சுத்தம் செய்தோம். படுக்கையறைப் பக்கமும் நிலவறையிலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி மாட்டிய பிறகே தீக்குச்சியைத் தொட்டேன்.

இங்கே எரிவது ஆந்த்ரசைட். கையில் எடுத்தால் கறுப்புக் கண்ணாடி போல மின்னும், கையில் கரி அதிகம் ஒட்டாது. கார்பன் மிகுந்த கரி என்பதால் புகை மிகக் குறைவு. ஆனால் எளிதில் பற்றாது. திறந்த கம்பித் தட்டில் வைத்தாலே இது எரியும் என்று 1808 பிப்ரவரியில் வில்க்ஸ்-பாரி ஊரில் ஜெஸ்ஸி ஃபெல் என்பவர் தம் விடுதியில் காட்டினார். கீழிருந்து காற்று வந்தால் போதும், துருத்தி வேண்டாம் என்பதே அவர் நிரூபித்தது. அதன் பிறகுதான் இது வீட்டுக்குள் வந்தது.

இன்றும் விதி அதுதான். மூட்டுவது இப்படி: முதலில் விறகு, அது கங்கானதும் கொஞ்சம் கரி, அது சிவந்ததும் செங்கல் விளிம்பு வரை கரி. மேலே கொட்டும்போது ஒரு மூலையில் சிவந்த கங்கு தெரிய விட வேண்டும். கரியிலிருந்து கிளம்பும் வாயு அந்தக் கங்கில் பற்றி நீலச் சுடராக ஆடும். எல்லாவற்றையும் மூடிவிட்டால் வாயு தேங்கி, திடீரென்று பற்றி வெடிக்கும். மேலிருந்து கிளறக் கூடாது. அடியிலுள்ள சல்லடைத் தட்டை ஆட்டி, சாம்பல் தட்டில் சிவப்புப் பொறி விழுந்ததும் நிறுத்த வேண்டும். விறகடுப்பில் பழகியவனுக்குக் கை துறுதுறுக்கும். இந்த நெருப்புக்கோ காலை ஒரு முறை, இரவு ஒரு முறை கவனிப்பு போதும். நடுவில் சீண்டினால் அணைந்துவிடும்.

பராமரிப்பு எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் அடுப்பு என்னை யோசிக்க வைத்தது வாளியால்தான். ஒரு வாளி கரி இறங்குகிறது, இன்னொரு வாளியில் சாம்பல் ஏறுகிறது. சாம்பல் வாளிக்கு இரும்பு மூடி வேண்டும். கங்கு வெகுநேரம் உள்ளே உயிரோடு இருக்கும். சுவரிலுள்ள பொத்தானை அழுத்தி வெப்பத்தைக் கூட்டியவரை அதற்கு எடை உண்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இப்போது தோளுக்குத் தெரிகிறது.

எனக்கு முன் சுமந்தவர்களின் தோள்களும் இந்த ஊர்களின் நினைவில் இருக்கின்றன. 1911-இல் புகைப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன் பிட்ஸ்டனில் எடுத்த படங்களில், கரியிலிருந்து கல்லைப் பொறுக்கும் சிறுவர்கள் முகமெல்லாம் தூசியோடு நம்மைப் பார்க்கிறார்கள். 1959 ஜனவரியில் ஆற்றுப்படுகைக்கு மிக அருகே வெட்டிய நாக்ஸ் சுரங்கத்துக்குள் சஸ்குவெஹானா உடைத்துக்கொண்டு புகுந்தது. 12 பேர் மாண்டார்கள்; உடல்கள் கிடைக்கவில்லை. இந்தப் பள்ளத்தாக்கின் ஆழ்சுரங்கத் தொழில் அத்தோடு ஏறக்குறைய முடிந்தது. பெரியவர் இதைப் பற்றிப் பேசும்போது ஆற்றைப் பார்ப்பதில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, கரி நல்லது என்று முடிக்க மனம் வரவில்லை. சாம்பலை நான் தூக்குகிறேன், சரி. ஆனால் புகைபோக்கி வழியாகப் போவது அதைவிடப் பல மடங்கு கனம். கரியிலுள்ள கார்பன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால், ஒரு டன் ஆந்த்ரசைட் எரிந்தால் இரண்டரை டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. அதற்கு வாளி கிடையாது. கண்ணில் படும் சிறு பங்கைச் சுமந்துவிட்டு, கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துக்கொள்வது வசதிதான்.

ஆகவே பரணில் வெப்பக் காப்பு அடித்தோம், ஜன்னல் இடுக்குகளை அடைத்தோம். மிதமான குளிருக்கு மின்சார ஹீட் பம்ப் ஓடுகிறது. கடுங்குளிர் வாரங்களுக்கும் மின்சாரம் போகும் இரவுகளுக்கும் மட்டும் கரி. எரிவாயுவோ மின்சாரமோ, பொத்தானுக்குப் பின்னாலும் யாரோ எதையோ சுமந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்பது இப்போது எனக்குத் தெரியும். அதனால் அம்மாவுக்கு ஒரு பதிலும் கிடைத்தது: கரி அள்ளுவது கொஞ்ச காலத்துக்கு நல்லது, எவ்வளவு குறைவாக அள்ளினால் போதும் என்று கற்றுக்கொள்ளும் வரை.