கோடைமலையும் நம் கடனும்

ஊர்களின் பிறப்பு இருவகைப்படும். ஆற்றங்கரையில் தானே வளர்ந்து, என்று தோன்றியது என எவரும் அறுதியிட்டுக் கூறவியலாத ஊர்கள் ஒருவகை. நம் மதுரை அத்தகையது. இன்ன ஆண்டில் இன்னார் தொடங்கினர் என ஏட்டில் பதிவான ஊர்கள் மற்றொரு வகை. தல்லாகுளத்திலிருந்து அரை நாளில் சென்றடையக்கூடிய கோடைக்கானல் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. 1845 அதன் பிறப்பாண்டு எனப்படுகிறது. சமவெளியில் நேர்ந்த சாவுகளே அந்தப் பிறப்புக்குக் காரணம் என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

சீர்திருத்த சபையைச் சார்ந்த அமெரிக்கப் போதகர்கள் 1834இல் மதுரையில் பணி தொடங்கினர். தல்லாகுளத்தை அடுத்துச் செங்கல் முகப்போடு நிற்கும் அமெரிக்கன் கல்லூரி அப்பணியின் வழித்தோன்றலே. வாந்திபேதியும் காய்ச்சலும் அவர்களையும் அவர்தம் மனைவி மக்களையும் வாரிக்கொண்டு போயின. நம் திருச்சபையின் வரலாறும் அதுவே. 1837இல் மதுரை மறைப்பணித் தளத்திற்கு மீண்டும் வந்த பிரெஞ்சு இயேசு சபைக் குருக்களுள் மார்ட்டின் அடிகளார் 1840இல் மறைந்தார். திருச்சியில் புனித மரியன்னை ஆலயத்தை எழுப்பிய கார்னியர் அடிகளார் 1843இல் மறைந்தார். கொள்கையால் வேறுபட்டு நின்ற இரு சாராரையும் நோய் ஒன்றாகவே பாவித்தது. உயிர் பிழைக்க இடம் தேடிய அமெரிக்கர்கள், ஏறத்தாழ 7000 அடி உயரத்தில் 1845இல் இரண்டு வீடுகளைக் கட்டினர். அவையே இன்றைய நகரின் வித்து.

அதன்பின் வளர்ச்சி விரைந்தது. மதுரை ஆட்சியராக இருந்த வெரி லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்து ஏரியை உருவாக்கினார். 1866இல் சேன் சீர் அடிகளார் சலேத் அன்னைக்கு ஆலயம் எழுப்பினார். 1895இல் செண்பகனூரில் திருஇருதயக் கல்லூரி தோன்றியது. 1899இல் நகராட்சியும் சூரிய ஆய்வுக்கூடமும் அமைந்தன. 1901இல் போதகர்களின் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி திறக்கப்பட்டது. 1909இல் எவர்ஷெட் என்னும் அறிஞர், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இம்மலையிலிருந்தே கண்டறிந்தார். வெயிலுக்கு அஞ்சி ஓடிவந்தோர் அமைத்த ஊரில் கதிரவனையே ஆராயும் கூடம் அமைந்தது வியப்புக்குரியதுதான்.

இவ்வரிசையைப் படிக்கும்போது, 1845க்கு முன் அம்மலை வெறுமையாகக் கிடந்தது போல நமக்குத் தோன்றிவிடுகிறது. உண்மை வேறு. 1821இல் அளவைப் பணிக்காக ஏறிய லெப்டினன்ட் வார்டு, வெள்ளகவி என்னும் மலையூரின் வழியாகவே மேலே சென்றார். பூம்பாறையும் வில்பட்டியும் மன்னவனூரும் பழமையான ஊர்கள். அவற்றுக்கும் நெடுங்காலம் முன்பு வாழ்ந்த மாந்தர் எழுப்பிய கல்திட்டைகள் மலைச்சரிவுகளில் இன்றும் உள்ளன. செண்பகனூர் இயேசு சபையினரான ஆங்கிலேட் அடிகளாரும் நியூட்டன் அடிகளாரும் அவற்றை ஆராய்ந்து எழுதிய நூல் 1928இல் வெளிவந்தது. புதிதாகக் குடியேறிய ஊரில் தமக்கு முன் வாழ்ந்தவர் யாவர் என்று கேட்ட அக்குருக்களின் பணிவை நாம் போற்ற வேண்டும்.

மேலும் ஒரு கூட்டத்தார் ஏட்டில் இடம்பெறவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் மோட்டார் சாலை திறக்கப்படும் வரை, மேலே செல்வோர் பெரியகுளத்தை அடுத்த அடிவாரம் வரை மாட்டு வண்டியில் வந்தனர். அங்கிருந்து மலையேற்றம். நடக்க இயலாதோர் நாற்காலியில் அமர, கூலியாட்கள் அவர்களைத் தோளில் சுமந்து ஏறினர். ஏரி யாரால் உண்டாயிற்று, ஆலயம் யாரால் எழுந்தது என்று நாம் அறிவோம். அவர்களையும் அவர்தம் உடைமைகளையும் சுமந்து ஏறியவருள் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. அவர்கள் தோள் கொடாதிருந்தால் அந்நகர் இல்லை.

ஆகஸ்ட் மாதத்தில் சலேத் அன்னையின் திருவிழாவுக்கு நாமும் பேருந்தேறுகிறோம். வத்தலக்குண்டைக் கடந்து வளைவுகளில் ஏறும்போது முதற்குளிர் முகத்தில் பட, செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே சாளரத்தைத் திறக்கிறோம். அந்த ஆலயத்திற்குப் பெயர் தந்த நிகழ்ச்சியை அப்போது நினைவுகூர்வது நலம். 1846 செப்டம்பர் 19ஆம் நாள், பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்த்த இரு ஏழைச் சிறாருக்கு அன்னை காட்சி தந்தாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். அழுகிப்போன உருளைக்கிழங்கைப் பற்றியும் பாழாகும் கோதுமையைப் பற்றியும் பேசினாள். விண்ணகத்தின் அரசி மலையில் வாழ்வோரின் விளைச்சலுக்காகக் கண்ணீர் விட்டாள்! உருளைக்கிழங்கு விளையும் நம் கோடைமலையிலும் அன்னை அழுவதற்குக் காரணம் இல்லையா?

பசும்புல் வெளிகளில் சீகை மரமும் பைன் மரமும் தைல மரமும் நட்டோம். மழையைப் பிடித்து வைத்து ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக ஈயும் புல்வெளியும் சோலையும் சுருங்கின. அமெரிக்காவில் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று 1980களில் இங்கு கொண்டுவரப்பட்டது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய பொருட் கடையில் கிடப்பதை மக்கள் கண்டு போராடியதால் 2001இல் அது மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளரோடு உடன்பாடு ஏற்பட 2016 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. காய்ச்சலுக்கு அஞ்சி உருவான ஊர், காய்ச்சலை அளக்கும் கருவியாலேயே நஞ்சுண்டது. பயணியர் வண்டிகளின் நெரிசல் பெருகவே, 2024 மே மாதம் உயர்நீதிமன்ற ஆணைப்படி மின்னணு நுழைவுச் சீட்டு முறை வந்தது.

இதனால் நமக்கென்ன என்று சமவெளியினராகிய நாம் ஒதுங்க இயலாது. வராக நதியும் மஞ்சளாறும் அம்மலையில் பிறந்து நம் வையையில் கலக்கின்றன. அன்று மலை நம் நாட்டு நோயாளிகளைத் தாங்கிற்று; இன்றும் நம் வயலுக்கு நீர் தருகிறது. நிலம் ஆண்டவருடையது, நாம் அதில் தங்கிச் செல்லும் வழிப்போக்கர் என்பது லேவியர் நூலின் போதனை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலும் பூமியின் அழுகையையும் ஏழையரின் அழுகையையும் ஒருசேரக் கேட்குமாறு நம்மை அழைத்தது.

வெள்ளகவி மக்கள் தம் ஊருக்குள் செருப்பணிந்து நடப்பதில்லை. தாம் வாழும் மண்ணையே கோவிலாகக் கருதும் அவர்களிடம் திருப்பயணியராகிய நாம் கற்க வேண்டியது மிகுதி. அடுத்த திருவிழாவுக்குப் புறப்படும் பங்குக் குழுக்கள், கொண்டுசெல்லும் நெகிழிப் பைகளை எண்ணிக் கொண்டுபோய் எண்ணித் திருப்பிக் கொண்டு வரட்டும். திருப்பலியின் மன்றாட்டில் ஆலயம் எழுப்பிய குருக்களோடு, பெயர் தெரியாத அக்கூலியாட்களையும், பாதரசத்தால் நோயுற்ற தொழிலாளரையும் சேர்த்து நினைப்போம். அந்த ஒரு மன்றாட்டுக்கு நூற்றெண்பது ஆண்டுகள் தாமதம் ஆகிவிட்டது.