லாரியின் மூக்கு

நாமக்கல்லில் லாரி ஆபீஸ் ஒன்றில் கணக்கெழுதி ஜீவனம் நடத்தியவன் என்ற முறையில், லாரியின் முகலட்சணத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்குச் சிறிது பாத்தியதை உண்டு. நான் லாரி ஓட்டியவனும் அல்ல, வாங்கியவனும் அல்ல. ஆனால் ஓட்டியவர்களின் முறையீட்டையும் வாங்கியவர்களின் வரவு செலவையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து கேட்டவன். இரண்டையும் ஒரே பேரேட்டில் பதிய முடியாது என்பது அந்த உத்தியோகத்தில் நான் கண்டது.

இன்று நெடுஞ்சாலையில் எதிர்ப்படும் சரக்கு லாரிகளில் பெரும்பாலானவை சுவர் போல் செங்குத்தான தட்டை முகம் கொண்டவை. எஞ்சின் அடியில் இருக்க, அதன் மேலும் பக்கத்திலுமாக டிரைவரும் கிளீனரும் அமர்ந்து போகிறார்கள். டாட்டா நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து 1954 முதல் ஜாம்ஷெட்பூரில் செய்த லாரிகளோ, எஞ்சினை முன்னால் மூக்காக நீட்டி, டிரைவரை அதன் பின்னே உட்கார்த்தி வைத்திருந்தன. 1969-இல் அந்த ஒப்பந்தம் முடிந்த பிறகும் மூக்கு மட்டும் நெடுங்காலம் நம் சாலைகளில் நீடித்தது. சூர்ப்பணகையின் மூக்கை அறுத்தது இளைய பெருமாளின் வாள்; லாரியின் மூக்கை அறுத்தது சட்டத்தின் அளவுகோல்.

ஏனெனில் சட்டம் வண்டியின் நீளத்தை முன் பம்பரிலிருந்து பின் பம்பர் வரையில் அளக்கிறது; அந்த நீளத்துக்கு ஒரு வரம்பும் விதிக்கிறது; ஆகவே மூக்குக்குக் கொடுத்த ஒவ்வோர் அடியும் சரக்குத் தொட்டியில் குறைந்த அடியாகும். சிமெண்டும் இரும்பும் ஏற்றுகிறவருக்கு இது பெரிய நஷ்டமில்லை. அவருக்கு இடம் தீருமுன்னே எடை தீர்ந்துவிடும். பஞ்சுப் பொதியும், எங்கள் ஊர் முட்டை அட்டைகளும், வைக்கோலும் ஏற்றுகிறவருக்கோ எடை மிச்சமிருக்க இடம் தீர்ந்துபோகும். அவருக்கு அந்த மூன்று நான்கு அடி, வருஷம் முழுவதும் லோடுக்கு லோடு சேர்ந்துவரும் வாடகை.

இது நம் நாட்டுக் கதை மட்டுமன்று. அமெரிக்காவில் ஒவ்வொரு மாகாணமும் 55 அடி, 60 அடி, 65 அடி என்று தன் தன் இஷ்டப்படி லாரியின் மொத்த நீளத்துக்கு வரம்பு வைத்திருந்த காலத்தில், நீண்ட பிரயாணம் போகும் லாரிகளில் ஏராளமானவை தட்டை முகத்தோடுதான் ஓடின. 1982-இல் மத்திய அரசாங்கம் ஒரு சட்டம் இயற்றி, முக்கிய நெடுஞ்சாலைகளில் இழுவை வண்டியையும் டிரெய்லரையும் சேர்த்து அளக்கும் அதிகாரத்தை மாகாணங்களிடமிருந்து எடுத்துவிட்டது. டிரெய்லரின் நீளம் ஒன்றே கணக்கில் வந்தது. உடனே அந்நாட்டு லாரிகளுக்கு மூக்கு மறுபடி முளைக்கத் தொடங்கிவிட்டது. ஃப்ரைட்லைனர் நிறுவனம் 1998-இல் ஆர்கோஸி என்ற தட்டை முக லாரியைப் புதிதாகக் கொண்டுவந்து பார்த்தும், 2006-இல் அதை அந்தச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. மொத்த நீளத்தை இன்றும் அளக்கிற ஐரோப்பாவிலோ, டிரெய்லர் லாரிக்கு 16.5 மீட்டர் என்ற பொது வரம்புக்குள் தட்டை முகமே ஆட்சி செய்கிறது. டிரைவர்களின் ருசி கண்டம் விட்டுக் கண்டம் இவ்வளவு மாறுபடும் என்று நான் நம்பவில்லை.

தட்டை முகத்தினால் டிரைவருக்கு அனுகூலமே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அங்கே வண்டி எவ்வளவு குட்டையோ அவ்வளவு புண்ணியம். சந்தைத் தெருவில் வண்டிக்கு முன்னே குறுக்கிடும் குழந்தையையும் ஆட்டையும், மூக்கு மறைக்காத காரணத்தால், இந்த டிரைவர் முன்னதாகவே கண்டுகொள்வார். ஆயினும் கண்ணாடிக்கு நேர் கீழே கண்ணுக்கு எட்டாத சிறு பரப்பு இதிலும் உண்டு என்பதைப் பாதசாரிகள் மறக்கலாகாது.

ஆனால் எங்கள் ஆபீஸுக்கு வாடகைப் பாக்கி கேட்க வந்த வயதான டிரைவர் ஒருவர், மூக்கு வண்டியிலிருந்து புது வண்டிக்கு மாறிய சில மாதங்களில் சொன்னதை நான் இன்னும் நினைவில் வைத்திருக்கிறேன். "ஏனுங்க, அந்த வண்டியிலே வண்டி முதல்லே போய் மோதும், அப்புறந்தான் நாம. இதிலே நாமதானுங்க முதல்லே போறோம்" என்றார். தொப்பூர் கணவாயின் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத வண்டியைப் பார்த்தவர்களுக்கு இந்த வாக்கியத்துக்கு வியாக்கியானம் தேவைப்படாது. அவரது மற்ற முறையீடுகளும் நியாயமானவையே. மூக்கு வண்டியில் ஆசனம் முன் சக்கரத்துக்குப் பின்னே இருந்தபடியால் குழியின் அதிர்ச்சி பாதி தணிந்து வந்தது. இதில் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் நேராக விழுகிறது. எஞ்சினை மூடிய மேடு, ரெக்ஸின் போட்டு மெத்தை வைத்து, யாராவது ஒருவர் உட்கார்ந்து வரும் ஆசனமாகிவிடுவது வழக்கம். மார்கழியில் ஓசூர்ப் பக்கம் அது சுகம், சித்திரையில் விஜயவாடாவைத் தாண்டும்போது அது தண்டனை. வளைவில் திரும்புவதற்கும் வேறு பழக்கம் வேண்டியிருக்கிறது: டிரைவரே சக்கரத்தின் மேல் இருப்பதால், மூக்கு வண்டியில் பழகியவர் தம் கண்ணுக்குச் சரியென்று தோன்றும் இடத்துக்கும் அப்பால் சென்றுதான் ஸ்டீரிங்கை ஒடிக்க வேண்டும், முன்னதாக ஒடித்தால் பின் சக்கரம் நடைபாதையில் ஏறிவிடும்.

ரிப்பேர் விஷயத்தில் தர்க்கம் ஓய்வதில்லை. மூக்கு வண்டியில் பானெட்டைத் தூக்கினால் எஞ்சின் கண் முன்னே நிற்கும். தட்டை முக வண்டியில் தொழிற்சாலையிலேயே அமைந்த கேபினை முன்னே கவிழ்த்தாலோ எஞ்சின் முழுவதும் ஆகாயத்துக்குத் திறந்துகொள்ளும். மெக்கானிக்குக்கு இதைவிட வசதி கிடையாது. கவிழ்ப்பதற்கு முன் தண்ணீர்க் குடத்தையும் டிபன் கேரியரையும் சாமி படத்தையும் எடுத்து வைக்க மறந்தால், அவை யாவும் கண்ணாடியில் வந்து விழும். எண்ணூர் லாரித் தொழிற்சாலையிலிருந்து வெறும் சேஸிஸாக வாங்கி வந்து, திருச்செங்கோட்டிலும் சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் உள்ள பட்டறைகளில் மரக் கேபின் கட்டிய பழைய வண்டிகளுக்கு இந்தச் சௌகரியமும் இல்லை. கேபினுக்குள்ளேயே மேட்டைத் திறந்து மெக்கானிக் குனிய, டிரைவர் படுக்கும் பலகையெல்லாம் கிரீஸாகும். அந்தப் பட்டறைகளின் தச்சு வேலையில் அழகு இருந்தது. அது மோதலைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று.

தட்டை முகம் காற்றை எதிர்த்து டீசலைத் தின்கிறது என்று மேல்நாட்டார் சொல்வது வாஸ்தவமே. ஆனால் காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளர்வதால், லோடேற்றிக்கொண்டு மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டரில் போகும் நம் வண்டிகளுக்கு அந்த நஷ்டம் அவ்வளவு உறைப்பதில்லை.

ஆகவே, வாங்குவதற்கு நான் தட்டை முகத்தையே சொல்வேன். இந்தச் சாலையிலும் இந்தச் சட்டத்திலும் வேறு கணக்குக் கட்டாது. ஆனால் அது ஸ்பிரிங்கின் மேல் மிதக்கும் கேபினும், நல்ல ஆசனமும் தொழிற்சாலையிலேயே அமைந்த வண்டியாக இருக்க வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏ.ஸி. கேபின் கட்டாயம் என்று மத்திய அரசாங்கம் விதித்திருப்பதால், எஞ்சின் மேட்டின் உஷ்ணத்துக்காவது ஒரு பரிகாரம் பிறந்திருக்கிறது. முதலாளிமார்களிடம் என் விண்ணப்பம் ஒன்றே: வண்டி பார்க்க ஷோரூமுக்குப் போகும்போது ஃபைனான்ஸ்காரரை மட்டும் அழைத்துப் போகாதீர்கள், ஓட்டப்போகிற டிரைவரையும் அழைத்துச் சென்று, அவரை அந்த ஆசனத்தில் உட்கார வைத்து, குழியுள்ள சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லி, அதன்பின் கையெழுத்துப் போடுங்கள்.